வேலியோரத்து மழை லில்லி



உங்கள் வீட்டு முற்றத்திலோ, கிணற்றடியிலோ, வேலியோரத்திலோ பெயர் தெரியாத பூச்செடி ஒன்று நிச்சயம் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டால், "அது உம்மம்மா காலத்திலிருந்தே நிற்குது" என்பீர்கள். அதற்கு யாரும் உரம் போட்டதில்லை. வெயில் காலத்தில் அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்ததும் இல்லை. ஆனால் மழை பெய்து நாலைந்து நாட்களில், ஒரு காலையில் கதவைத் திறந்தால், இளஞ்சிவப்பு நிறத்தில் வரிசையாகப் பூத்து நிற்கும். அத்தகைய ஒரு பூவைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

மௌலவிக்குப் பூந்தோட்டத்தில் என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு காணி எல்லையை நேராக்கியது இந்தப் பூ. அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் உங்களை வன்னிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாருங்கள்.

வன்னிக்குப் போகும் பாதை

நான் புத்தளத்தில் ஆசிரியராக இருக்கிறேன். என் மனைவி மக்களும் அங்கேதான். உம்மாவும் ராத்தாவும் முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளை தண்ணீரூற்றுப் பக்கத்தில் உள்ள எங்கள் சொந்த ஊரில் இருக்கிறார்கள். மாரி தொடங்கியதும் ஒரு தடவையாவது அங்கே போய் வருவேன்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாக வவுனியாவுக்கு வந்து, அங்கே முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறவேண்டும். ஓமந்தையைத் தாண்டும்போது என்னையறியாமல் என் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். பல வருடங்களாக அங்கே சோதனைச் சாவடி இருந்தது. அது போய்விட்டது, அடையாள அட்டையைத் தேடும் பழக்கம் போகவில்லை. மாங்குளத்தில் கண்டி வீதியை விட்டு கிழக்கே திரும்பினால், ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவு நகரம் வரை சுமார் 50 கிலோமீற்றர். இரு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு. இடையிடையே குளமும் வயலும்.

வன்னிக்கு வருடத்தில் இரண்டு முகங்கள் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் போனால் மண் ஓடு போலக் காய்ந்து கிடக்கும், அலவாங்கு கூட இறங்காது. ஒக்டோபரில் முதல் மழை விழுந்துவிட்டால் அதே மண் காலில் ஒட்டிக்கொண்டு வரும். வருட மழையின் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள அந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. ஆகவே வன்னியில் ஒரு செடி வாழவேண்டுமானால் அதற்கு இரண்டு வித்தைகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வரட்சியில் மண்ணுக்குள் பொறுத்துக் கிடப்பது. மற்றது, மழை வந்ததும் தாமதிக்காமல் எழும்புவது. கிழங்கு வைக்கும் பூச்செடிகளுக்கு அல்லாஹ் இந்த இரண்டையும் கொடுத்திருக்கிறான். வரண்டு இறந்து கிடக்கும் பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை அல்குர்ஆன் பல இடங்களில் அத்தாட்சியாக எடுத்துக் காட்டுகிறது. ஓதிக் கொடுக்கும்போது அதைப் பிள்ளைகளுக்கு விளக்குவேன். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நவம்பரில் வன்னிக்கு வரவேண்டும்.

அழகும் நஞ்சும்

பஸ் ஜன்னலால் பாருங்கள். வேலிகளிலும் பற்றைகளிலும் தீக்கொழுந்து போல ஒரு பூ ஏறி நிற்கிறது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இதழ்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். இலையின் நுனியே சுருண்டு கொடிக்குக் கைபோல உதவும். இதுதான் கார்த்திகைப் பூ. செங்காந்தள் என்பதும் இதைத்தான். சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. யுத்த காலத்தில் இந்தப் பூவுக்கு ஓர் அரசியல் அடையாளமும் சூட்டப்பட்டது. அதனால் சிலருக்கு இதைக் கண்டால் கண்ணீர், சிலருக்குக் கசப்பு. பூவுக்கு இவை எதுவும் தெரியாது. மழை பெய்தால் பூக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தாய்மார்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கொடி முழுவதும் நஞ்சு. குறிப்பாக அதன் கிழங்கும் விதையும். கிழங்கு கலப்பை வடிவில் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. வற்றாளங்கிழங்கு அல்லது வேறு காட்டுக் கிழங்கு என்று நினைத்து இதை அவித்துச் சாப்பிட்டு ஆபத்தில் விழுந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். இதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு அவிப்பதால் அழிவதில்லை. அதே கொல்சிசின்தான் மிகச் சிறிய அளவில் மூட்டுவாத நோய் ஒன்றுக்கு மருந்தாகிறது. அதற்காகவே தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் இதை வயலில் பயிரிட்டு விதை எடுக்கிறார்கள். மருந்தும் நஞ்சும் அளவில்தான் வேறுபடுகின்றன.

சாப்பிட்டு சில மணி நேரத்தில் தொண்டை எரிவு, கடும் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும். பிறகு கொஞ்சம் தெளிந்தது போலத் தோன்றினாலும் ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே உறுப்புகள் பாதிக்கப்படுவது அதற்குப் பின்னர்தான். கைவைத்தியம் செய்துகொண்டு நேரத்தை வீணாக்காமல், மிச்சமிருக்கும் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அம்புலன்ஸ் தேவையானால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அது எங்கள் நெஞ்சில் வேறு காரணத்துக்காக எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வளவில் கார்த்திகைப் பூவைக் கைக்கெட்டும் இடத்தில் வளர்க்க வேண்டாம். காட்டோரம் அது நிற்கட்டும், பார்த்து ரசிப்போம். நம் வேலியோரத்துக்கு வேறு பூ இருக்கிறது.

ஒரு நாள் பூ

அந்தப் பூவுக்கு வருமுன் என் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் "பகல் லில்லி" என்று சில கன்றுகளைத் தந்தார். ஆங்கிலப் பெயரும் அதே பொருள்தான். பூத்த பூ ஒரு நாள்தான் இருக்கும், மறுநாள் வாடிவிடும். ஆனால் ஒரே தண்டில் பல மொட்டுகள் இருப்பதால், இன்று ஒன்று, நாளை ஒன்று என்று முறை வைத்துப் பூத்துக்கொண்டே இருக்கும். குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டத்தின் ஓரங்களில் இதைத்தான் அதிகம் நடுகிறார்கள். பிறப்பிடம் சீனா, ஜப்பான், கொரியா பக்கம்.

சீனர்கள் இந்தப் பூவைத் தாய்க்குரிய பூவாக மதிக்கிறார்கள். தாய் வசிக்கும் பகுதியின் முற்றத்தில் இதை நடுவது அவர்களுடைய பழைய வழக்கம். கவலை மறக்கச் செய்யும் செடி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. அதன் மொட்டைப் பக்குவப்படுத்திக் காயவைத்து, தங்க ஊசி என்று பெயரிட்டு, கறிக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பூனைக்கு இது கொடிய நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதை நட வேண்டாம்.

தாய்க்குரிய பூ என்று கேட்டதும் ஆசையோடு கொண்டுபோய் உம்மாவின் வளவில் நட்டேன். இலை வந்தது, பூ வரவில்லை. இரண்டு மாரி பார்த்தோம். பிறகு விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அதில் இரண்டு வகை உண்டு. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் வகைக்கு, அந்தக் குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்க முடியும். வன்னி வெயிலில் குளிருக்கு எங்கே போவது? வருடம் முழுவதும் பச்சையாக நிற்கும் வகைதான் சூட்டு நாட்டுக்கு ஓரளவு பொருந்தும். உம்மா சிரித்தார்.

"அதை விடு மகன். இந்த மண்ணுக்கு எது தோதோ அதை நான் எப்பவோ வெச்சிட்டன்."

உம்மா சொன்னது மழை லில்லியை.

உம்மா வைத்த வரிசை

மழை லில்லியைத் தெரியாதவர் இருக்கமாட்டீர்கள். இலை மெல்லிய புல் போல இருக்கும். கிழங்கு சின்ன வெங்காயம் போல. உண்மையில் வெங்காயத்தின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு தண்டுக்கு ஒரு பூ. இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று நிறங்கள் உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் சூட்டு நாடுகளிலிருந்து உலகெங்கும் பரவியது. அதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயருக்கு, மேற்குக் காற்றின் மலர் என்று பொருள். மேற்குக் காற்றை நாம் கச்சான் என்போம். கச்சானின் பெயரைச் சுமந்த பூ வன்னியில் வாடைக் காற்றில்தான் அதிகம் பூக்கிறது.

எங்கள் வீட்டு வேலியோரம் படலையிலிருந்து கிணற்றடி வரை உம்மா இதை நட்டிருந்தார். கலியாணமாகி வந்த வருடம் தன் தாய் வீட்டிலிருந்து ஒரு பேணியில் கொண்டு வந்த கிழங்குகளாம். கிடுகு வேலியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, கயிறு பிடித்து, நேராக நட்டார். வேலி அடைக்க வருபவர்கள் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு சாண்.

1990 ஒக்டோபரில் எனக்குப் பத்து வயது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்தது இரண்டு மணி நேரம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள் என்று எல்லாமாகச் சுமார் 75,000 பேர். சில நாட்களுக்குள் வடக்கில் பாங்கு சொல்ல ஆளில்லாத பள்ளிவாசல்கள் மட்டும் மிஞ்சின. எங்கள் கையில் உடுபுடவை கொஞ்சமும் குர்ஆன் பிரதி ஒன்றும் இருந்தன. அந்த வருடம் மழை பெய்து பூ பூத்ததா என்று பார்க்க அங்கே யாரும் இருக்கவில்லை.

பிறகு புத்தளம். ஓலைக் கொட்டில், வரிசையில் நின்று வாங்கிய நிவாரணம், பின்னர் கல்வீடு. புத்தளத்து மக்கள் எங்களுக்குச் செய்த உபகாரத்தை நாங்கள் மறக்க முடியாது. அங்கேதான் ஓதினேன், அங்கேதான் தொழில் கிடைத்தது, அங்கேதான் மணமுடித்தேன். 2002 இல் யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்தபோது வாப்பாவும் நானும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கூரையில்லாத சுவருக்குள் வேப்பமரம் முளைத்திருந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. 2006 இல் பாதை மீண்டும் மூடியது. திரும்பிப் போகவேண்டும் என்ற ஆசையோடு வாப்பா புத்தளத்திலேயே வஃபாத்தானார்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. 2011 இல் உம்மாவும் ராத்தாவும் போகத் தீர்மானித்தார்கள்.

மண்வெட்டி போடுமுன்

மீண்டும் குடியேறுவது என்றால் சாமான் ஏற்றிய லொறி போய் நின்றதும் முடிந்துவிடும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். இருபத்தொரு வருடத்தில் வளவு காடாகிவிட்டது. மண்ணுக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம் வேறு. கண்ணிவெடி அகற்றுபவர்கள் சோதித்து முடிக்காத காணியில் மண்வெட்டி போடக் கூடாது. சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறியிருந்தால் அந்தப் பக்கம் ஆடு போனாலும் பின்னால் போகக் கூடாது. இந்த வேலையில் வன்னிப் பெண்கள் ஏராளமானோர் ஈடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? முகமாலை போன்ற இடங்களில் முகக்கவசம் அணிந்து, முழங்காலில் இருந்து, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டிய பெண்களில் யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் இருந்தார்கள். இன்று நாம் பயமின்றி ஒரு பூக்கன்று நடுகிறோம் என்றால், அதற்குப் பின்னால் அவர்களுடைய பொறுமை இருக்கிறது.

காணி சுத்தமானது. அடுத்த பிரச்சினை எல்லை. வேலி இல்லை. காணி உறுதி வெளியேற்றத்தில் தொலைந்துவிட்டது. பக்கத்துக் காணி ஒரு தமிழ் அக்காவுடையது. அவருடைய குடும்பமும் சும்மா இருந்துவிடவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஊர் ஊராக ஓடி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கிடந்து, ஒரு மகனை இழந்து திரும்பியிருந்தார்கள். அவர்களிடமும் உறுதி இல்லை.

வேலி பனை மரத்தோடு ஒட்டிப் போனது என்றார் உம்மா. இல்லை, பனைக்கு இந்தப் பக்கம் நாலடி தள்ளித்தான் போனது என்றார் அந்த அக்கா. சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சுக் குறைந்தது. உம்மா பனையோடு கட்டைகளை நட்டுக் கம்பியும் இழுத்துவிட்டார். "என்ட கையால வேலி அடைச்ச எனக்குத் தெரியாதா?" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டார். நானும் உம்மா சொல்வதுதான் சரி என்று நினைத்தேன். இருபத்தொரு வருடம் அநியாயத்தைச் சுமந்தவர்களின் ஞாபகம் பிழைக்குமா?

மழை சொன்ன சாட்சி

அந்த வருட நவம்பரில் நான் போயிருந்தேன். மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். காடு வெட்டிய வெறும் நிலத்தில் இளஞ்சிவப்புப் பூக்கள். எல்லாம் இல்லை. இங்கே நாலு, அங்கே ஒரு கொத்து, நடுவில் நீண்ட வெற்றிடம், பிறகு கிணற்றடியில் ஒரு கொத்து. ஆனால் ஒரு கொத்திலிருந்து மற்றக் கொத்துக்குக் கண்ணை ஓட்டினால் கயிறு பிடித்தது போல ஒரே நேர்கோடு. அந்தக் கோடு பனையிலிருந்து ஐந்தடி உள்ளே, எங்கள் பக்கமாக இருந்தது.

உம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். குனிந்து ஒரு பூவைத் தொட்டார். பிறகு எழும்பி அடியளந்து பார்த்தார். வேலியிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளித்தான் தான் நட்டது என்பதை அவர் மறக்கவில்லை. அப்படியானால் பழைய வேலி பனைக்கு நாலடி இப்பால்தான் இருந்திருக்க வேண்டும். அந்த அக்கா சொன்னது சரி.

நான் வாய் திறக்கவில்லை. வேலித்துண்டு ஒன்றுக்காகத் தாயிடம் தர்க்கம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்ற நபிமொழியை எத்தனை ஜும்ஆக்களில் நான் விளக்கியிருப்பேன்! அன்று அந்த விளக்கம் தேவைப்பட்டது எங்கள் வளவுக்கே.

உம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காலைத் தேநீர் குடிக்குமுன் அவரே போய் அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இஞ்ச பார். இது நான் வெச்ச பூ. எனக்குத்தான் ஞாபகம் பிசகிப்போச்சு. கட்டையைக் கழட்டச் சொல்லுறன்."

அந்த அக்கா வெகுநேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாலடிக்கு என்னம்மா, விடுங்கோ. இவ்வளவும் போனதுக்கு" என்றார்.

"உனக்கு அது நாலடிதான். எனக்கு அது ஹராம்" என்றார் உம்மா.

அன்று லுஹருக்கு முன் கட்டைகள் இடம் மாறின. ஞாபகம் என்பது எப்போதும் நம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும் என்பதை அன்று நான் கற்றுக்கொண்டேன். எங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அநியாயம் இழைக்கப்பட்டவர் சொல்வதெல்லாம் அளவில் சரியாக இருக்கும் என்றும் இல்லை. அதற்கு அடுத்த மாரிக்குமுன் அந்த அக்கா வந்து, தன் பக்கத்திலும் நட நாலு கிழங்கு கேட்டார். இப்போது அந்த வேலிக்கு இரு பக்கமும் பூ.

நீங்கள் நடுவதானால்

உங்கள் வீட்டிலும் நடுவதென்றால் பெரிய செலவில்லை. அடர்ந்து போன கொத்து ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது அரை நாள் வெயில் படும் இடமாக இருக்கட்டும். முழு நிழலில் இலை மட்டும்தான் வரும். வன்னிச் செம்மண் போல இறுகும் மண்ணானால் மணலும் மக்கிய சாணமும் கலந்து, ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். புத்தளம், கற்பிட்டி போன்ற மணல் நிலமானால் சாணம் கூடுதலாகத் தேவை.

கிழங்கை இரண்டு விரற்கடை ஆழத்தில், கழுத்து மண்ணோடு மட்டமாக இருக்கும்படி வையுங்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் நாலு விரல் அகல இடைவெளி போதும். நெருங்கி வளர்ந்தால்தான் நன்றாகப் பூக்கும். பூ முடிந்ததும் இலையை வெட்டிவிடாதீர்கள். அடுத்த பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்குக்குள் சேமிக்கிறது. மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை கிளறிப் பிரித்து நடுங்கள்.

மழையில்லாக் காலத்திலும் ஒரு தடவை பூக்க வைக்கலாம். மூன்று நாலு வாரம் தண்ணீர் ஊற்றாமல் காயவிட்டு, பிறகு ஒருநாள் மண் நன்றாக நனையும்படி ஊற்றினால் சில நாட்களில் மொட்டுத் தலைகாட்டும். ஆனாலும் வானத்துத் தண்ணீருக்குப் பூப்பது போல வாளித் தண்ணீருக்குப் பூக்காது.

ஓர் எச்சரிக்கை. இதன் கிழங்கும் உண்ணத் தகாதது. கார்த்திகைக் கிழங்கு அளவுக்குக் கொடியதல்ல என்றாலும் வாந்தியும் வயிற்று வருத்தமும் தரும். பிடுங்கிய கிழங்கைச் சின்ன வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். குசினிக்குள் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. கிளறிய கையைக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.

சென்ற முறை திரும்பும்போது உம்மா ஒரு பால்மா பேணியில் மண்ணோடு இருபது கிழங்கு தந்தனுப்பினார். புத்தளத்தில் எங்கள் படலையோரம் நட்டிருக்கிறோம். என் இளைய மகள் ஒருநாள், "வாப்பா, எங்கட ஊர் இதுவா, அதுவா?" என்று கேட்டாள். பிறந்தது இங்கே, காணி அங்கே. கற்பிக்கப் பழகிய எனக்கும் அதற்குச் சட்டென்று ஒரு பதில் வரவில்லை. வடக்கு முஸ்லிம்களின் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தக் கேள்வி இன்றும் இருக்கிறது. "உம்மம்மாவின் பூ இரண்டு இடத்திலும் பூக்குது" என்று மட்டும் சொன்னேன். அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று தெரியாது. ஆனால் மழை பெய்த மறுநாள் தொலைபேசியை எடுத்து, "உம்மம்மா, அங்க பூத்திட்டுதா?" என்று கேட்பது அவள்தான்.

மறுமை நிகழும் தறுவாயிலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடும்படி பணித்த நபியின் உம்மத்து நாம். இந்த மாரியில் உங்கள் வேலியோரத்தில் ஒரு வரிசை நடுங்கள். எல்லையிலிருந்து ஒரு சாண் உங்கள் பக்கம் உள்ளே தள்ளி நடுங்கள். பத்துக் கிழங்கு கிடைத்தால் ஐந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், அவர்கள் யாராக இருந்தாலும் சரி. அல்லாஹ் நம் வளவுகளிலும் உள்ளங்களிலும் மழையைத் தருவானாக. ஆமீன்.